நெடுந்தீவுக்குப் போன ஐஸ் பெட்டி

1989ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, விடியற்காலை ஐந்தரை மணிக்குச் சரவணைச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றேன், நெடுந்தீவுக்குப் போவதற்காக. பிறந்த நாள் தொடக்கம் இந்த வேலணைத் தீவில் இருக்கிறேன். நயினாதீவுக்குத் திருவிழாக் காலங்களில் போய் வந்திருக்கிறேன். அதற்கு அப்பால் கடலில் போனதில்லை. கையில் ஓலைப்பை. அதற்குள் ஒரு மாற்றுச் சேலை, இடியப்பப் பொதி, கடலில் தலை சுற்றினால் முகர்ந்து பார்க்க எங்கள் வளவில் காய்த்த புளித் தேசிக்காய் ஆறு.

என்னைக் கூட்டிப்போனவள் தவமணி. என் தங்கையின் மகள். ஊர்காவற்றுறைப் பக்கத்தில் மருத்துவிச்சியாக வேலை செய்கிறாள். குழந்தைகளுக்கு இளம்பிள்ளை வாதம் வராமல் வாயில் விடுகிற சொட்டு மருந்து இருக்கிறதல்லவா, அதை நெடுந்தீவுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற பொறுப்பும் அவளுடையது. இந்த நோயை உலகத்தை விட்டே ஒழிப்பது என்று நாடுகள் எல்லாம் கூடிப் போன வருடம் முடிவு எடுத்ததாக ரேடியோவில் நானும் கேட்டிருந்தேன். அந்தச் சூட்டோடு வெளிநாட்டுக் காசு வந்தது. முதல் இரண்டு முறையும் தவமணிக்கென்று தனி மோட்டார்ப் படகு, லோஞ்ச், பிடித்துக் கொடுத்தார்கள். பெட்டி தூக்க ஓர் உதவியாளும் இருந்தான். நெடுந்தீவில் வைக்க மண்ணெண்ணெயில் ஓடும் குளிர்ப்பெட்டி ஒன்று தருவதாகவும் சொல்லியிருந்தார்கள்.

மூன்றாம் முறைக்கு நாள் வந்தபோது காசு நின்றுவிட்டது. தருகிறோம் என்ற நாடுகள் தரவில்லையாம். மருந்து வந்து சேர்ந்துவிட்டது, அதைக் கொண்டுபோகிற செலவுக்குத்தான் இல்லை. லோஞ்சும் உதவியாளும் குளிர்ப்பெட்டியும் அந்தக் காசோடு போயின. அடுத்த காலாண்டு வரைக்கும் பொறுக்கும்படி தவமணிக்குச் சொன்னார்களாம். பிள்ளைகள் பொறுக்கமாட்டார்கள் என்று சொல்லிவிட்டு, எல்லாரும் போகிற லோஞ்சிலேயே போவதற்கு அவள் வெளிக்கிட்டாள். ஓர் இரவு தங்கவேண்டும், துணைக்கு ஆள் இல்லை. நான் வீட்டில் சும்மா இருக்கிறவள்.

பஸ் வந்தது. தவமணி யன்னலோரத்தில் மடியில் நீலப் பெட்டியோடு இருந்தாள். தோளில் கொழுவுகிற வார் வைத்த பெட்டி. அடியில் ஊர்காவற்றுறையில் வாங்கி உடைத்த ஐஸ், அதன்மேல் பொலித்தீன் பையில் கட்டிய மருந்துக் குப்பிகள். ஐஸ் கரைந்து மருந்து சூடாகினால் அது வெறும் தண்ணீருக்குச் சமன் என்று அவள் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள். கெட்டுப்போன மருந்தைக் கண்ணால் பார்த்து அறிய ஏலாது என்பதுதான் அவளுக்குப் பெரிய பயம்.

வங்களாவடியில் இறங்கிக் குறிகட்டுவான் பஸ்ஸுக்கு மாறினோம். அங்கே சென்ரிக் காவலில் நின்ற சிப்பாய் பெட்டியைத் திறக்கச் சொன்னார். திறந்ததும் ஒரு துண்டு ஐஸை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, போகலாம் என்று தலையாட்டினார். விடிந்து ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை, அதற்குள் அப்படி வெக்கை.

புங்குடுதீவுக்குப் போகிற பாலத்தில் பஸ் ஏறியபோது இரண்டு பக்கமும் கடல் கண்ணாடி போலக் கிடந்தது. ஏழரை மணிக்குக் குறிகட்டுவான் இறங்குதுறை. நயினாதீவுக்குப் போகிறவர்கள் பூவும் பழமுமாக ஒரு பக்கம் நின்றார்கள். நெடுந்தீவு லோஞ்சுக்கு நின்றவர்கள் அரிசி மூட்டை, சைக்கிள் ரயர், மண்ணெண்ணெய்க் கலன், கோழி என்று வீட்டையே தூக்கி வந்தவர்கள் போல நின்றார்கள்.

லோஞ்சுக்குள் எனக்குப் பக்கத்தில் குளிர் போகாத இரண்டு பெரிய வெள்ளை றெஜிபோம் பெட்டிகளை வைத்துக்கொண்டு ஒருவர் இருந்தார். ஊர்காவற்றுறை மீன் வியாபாரி மரியதாஸ். இரண்டு பெட்டியும் முட்ட ஐஸ். வெள்ளியில் போய் மீன் வாங்கி, ஐஸில் அடுக்கி, சனியில் திரும்புகிறவர். எங்கள் நீலப் பெட்டிக்கு ஓர் இருக்கை பிடித்திருந்ததைப் பார்த்துவிட்டு, தவமணியைச் சீண்டத் தொடங்கினார்.

“மிஸ்ஸி, பெட்டிக்கும் ரிக்கற் எடுத்தனீங்களோ? என்ர ரெண்டு பெட்டியும் கீழ கிடக்குது, உங்கட ஆள் மட்டும் துரை மாதிரி மேல இருக்கிறார்.”

“அவர் கீழ இருந்தா உங்கட மீன் நாத்தம் பிடிச்சிடும் அண்ணை,” என்றாள் தவமணி.

“உலகம் முழுக்கக் காசு போட்டுச் செய்யிற அலுவல் எண்டீங்கள். போனமுறை தனி லோஞ்ச். இந்தமுறை கோழியோட வாறியள்.”

லோஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தவமணியும் சிரித்தாள். ஆனால் முகத்தைத் திருப்பிக் கடலைப் பார்த்தபோது அவளுக்கு அது தைத்திருந்தது தெரிந்தது. பிறகு மெல்ல என்னிடம் சொன்னாள்: “பெரியம்மா, நிறையப் பிள்ளையள் இருக்கிற ஊருக்குக் காசு வரும். கொஞ்சப் பிள்ளையள் இருக்கிற மூலைக்குத்தான் வராது. ஆனா இந்த இளம்பிள்ளை வாத வருத்தம் கடைசியாப் போய் ஒளிக்கிறது அந்த மூலையிலதான்.”

கடல் அமைதி என்றார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. பாதி வழியில் தேசிக்காயை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடி, ஒன்பதரை மணியளவில் லோஞ்ச் மாவலித்துறையில் முட்டியது.

நெடுந்தீவைப் போல மட்டமான ஊரை நான் கண்டதில்லை. மேடு இல்லை, பள்ளம் இல்லை. பனைகள் நிற்கின்றன, அவற்றுக்கு மேலே ஆகாயம். எங்கள் பக்கம் வேலி என்றால் ஓலை அல்லது கிடுகு. இங்கே வேலி எல்லாம் கல். கடலில் விளைந்த முருகைக்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இருக்கிறார்கள். சாந்து இல்லை, சீமெந்து இல்லை, இடுக்கு வழியே மறுபக்க ஆடு தெரிகிறது. அப்படியிருந்தும் இடுப்பளவு உயரத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை அந்த வேலிகள் நிற்கின்றன. கட்டாக்காலிக் குதிரைகளையும் கண்டேன். ஆருடைய குதிரை என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. வழியில் போகிற ஆட்களிடம் கேள்வி கேட்டு எனக்குப் பழக்கமில்லை.

ட்ரக்ரர்ப் பெட்டியில் ஏறி இரண்டு மைல் போனோம். நாங்கள் தங்க இருந்தது பரமேசு என்ற பெண்ணின் வீடு. கணவர் வவுனியாவில் ஒரு கடையில் வேலை. அவளுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் சுமதி, ஏழு வயது. ஒரு கால் பனைமட்டைபோல் மெலிந்து, கையால் முழங்காலை அழுத்தித்தான் நடப்பாள். ஒன்றரை வயதில் காய்ச்சல் கண்டு வந்தது அது. சின்னவன் ஆறு மாதக் குழந்தை. இரண்டு முறை சொட்டு கொடுத்தாயிற்று. மூன்றாவதையும் கொடுத்தால்தான் தவமணிக்கு மனம் ஆறும், பரமேசுவுக்கும் ஆறும். போன இரண்டு முறையும் ஊர்ப் பெண்களை வீடு வீடாகப் போய் இழுத்துக்கொண்டு வந்தவள் இந்தப் பரமேசுதானாம்.

வாசல் படலையில் வைத்தே தவமணியின் தோளிலிருந்து பெட்டியைக் கழற்றி வாங்கிக்கொண்டாள். வந்த ஆள் சுமையோடு வீட்டுக்குள் வரக்கூடாதாம். தவமணி ஒரு சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு, பின்னேரம் மூன்று மணிக்கு வாசிகசாலைக்குப் பிள்ளைகளைக் கொண்டுவரச் சொல்லப் புறப்பட்டாள். எனக்கு இன்னும் தலை ஆடியது. மிஞ்சிய தேசிக்காயைப் பரமேசுவிடம் கொடுத்துவிட்டு, தலைவாசலில் விரித்த பாயில் சரிந்தேன். நித்திரையாகிவிட்டேன்.

எழுந்தபோது பரமேசு ஒரு பெரிய பித்தளைச் செம்போடு நின்றாள். செம்பின் வெளிப்பக்கம் வேர்த்திருந்தது. தேசிக்காய்த் தண்ணீர். சீனி அளவாக, உப்பு ஒரு கிள்ளு, பல் கூசுகிற குளிர். அவ்வளவு ருசியான தண்ணீரை நான் குடித்ததில்லை. ஒரு மிடறு மட்டும் மிச்சம் இருக்கத்தான் மூச்சு எடுத்தேன். அப்போது தவமணியும் வந்துவிட்டாள். அவளுக்கும் ஒரு கிளாஸ் நீட்டினாள் பரமேசு.

தவமணி கிளாஸைத் தொட்டாள். குடிக்கவில்லை.

“இவ்வளவு குளிர் எங்கால பரமேசு?”

“உங்கட பெட்டியிலதான் மிஸ்ஸி. மருந்துப் பையைப் பத்திரமா எடுத்து ஈரத்துணி சுத்தித் திரும்ப உள்ள வைச்சிட்டன். கட்டி உடைஞ்சு கரைஞ்சுதானே கிடந்தது, அள்ளிப் போட்டன்.”

தவமணி ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஈரத்துணியும் மருந்தும் மட்டும். ஒரு கைப்பிடி ஐஸ்கூட இல்லை.

பரமேசு ஏன் அப்படிச் செய்தாள் என்பதை, அந்த ஊருக்குப் போகாதவர்களுக்குச் சொல்லவேண்டும். பங்குனியில் நெடுந்தீவின் பல கிணறுகள் உப்புக் கரித்துச் சவர்த்துப்போகும். நல்ல தண்ணீர் உள்ள கிணறு தூரத்தில். அன்றைக்குக் குடத்தில் இருந்தது சவர்த் தண்ணீர். கடல் கடந்து தன் பிள்ளைக்கு மருந்து கொண்டுவந்தவளுக்குச் சவர்த் தண்ணீரைக் கொடுப்பதா என்று அவளுக்குக் கூச்சம். பெட்டிக்குள் நல்ல தண்ணீர் கட்டியாக இருந்ததைக் கண்டாள். ஐஸ் என்பது அந்த ஊரில் மீனுக்கு வருகிற சாமான். மருந்து கெடாமல் இருக்க அதுவும் கூடவே இருக்கவேண்டும் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. போனமுறை அந்த வேலையெல்லாம் உதவியாள் பார்த்துக்கொண்டான்.

தவமணி குப்பிகளைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். இன்னும் குளிர்ந்தே இருந்தன. ஐஸ் எடுத்து அரை மணித்தியாலம்கூட இல்லை என்று பரமேசு சொன்னாள். ஆனால் பிள்ளைகள் வர மூன்று மணியாகும். மேற்குப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அடுத்த நாள் காலைதான். அதுவரைக்கும் இந்த வெக்கையில் ஈரத்துணி காணாது. தவமணி ஏசவில்லை. நிலத்தில் இருந்துவிட்டாள். ஐஸ் இல்லாவிட்டால் மருந்தைக் கொட்டிவிட்டுப் போகத்தான் வேண்டும், கெட்ட மருந்தைக் கொடுத்துவிட்டுக் கொடுத்தேன் என்று சொல்ல ஏலாது என்றாள். காசு இல்லாத நேரத்தில் இன்னொரு முறை வருவதற்கு அவளை விடமாட்டார்கள் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

பரமேசு குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். “அந்த மீன்காரர் வந்தவரோ?” என்று கேட்டாள்.

மத்தியானம் பன்னிரண்டு மணி வெயிலில், அதே ட்ரக்ரரில், தென்கரையில் மீன்காரர்கள் தங்குகிற வாடிக்குப் போனோம். மருந்தை ஈரச்சாக்கில் சுற்றி என் மடியில் வைத்துச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டேன். கடற்கரையில் மரியதாஸ் இரண்டு பெட்டியையும் நிரப்பி முடித்து, மூடி கட்டிக்கொண்டிருந்தார். பாரையும் விளைமீனும், ஒரு வரி மீன் ஒரு வரி ஐஸ். தவமணி விசயத்தைச் சொன்னாள். அவர் கட்டுகிற கயிற்றை விடவில்லை.

“மிஸ்ஸி, ஐஸ் போனா மீன் நாறும். மீன் நாறினா என்ர பிழைப்பும் நாறும். உலகத்தில இருக்கிற பெரிய ஆக்களுக்கே காசு காணாதாம். நான் மீன் விக்கிறவன்.”

அவர் சொன்னதில் பிழை இல்லை. அப்போது பரமேசு முன்னுக்குப் போனாள்.

“மிஸ்ஸியில பிழை இல்லை அண்ணை. ஐஸை எடுத்தது நான். ஒரு பெட்டியைத் தாங்கோ. அதில இருக்கிற மீனை நாங்கள் வெட்டி உப்புப் போட்டுத் தாறம். நாளைக்கு நீங்கள் கருவாடாக் கொண்டுபோகலாம்.”

“ஒரு நாளில கருவாடு காயுமோ?”

“உப்புப் பிடிச்சா நாறாது. மிச்சத்தை உங்கட வீட்டுக் கூரையில காய விடுங்கோ.”

“பாரையைக் கருவாடாக்கினவன் எண்டு ஊர்காவற்றுறைச் சனம் என்னைப் பார்த்துச் சிரிக்கும்.”

“சிரிச்சாச் சிரிக்கட்டும். என்ர மூத்தவள் நடக்கிறதைப் பார்த்து இஞ்ச ஒருத்தரும் சிரிக்கிறேல்லை.”

அதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். மரியதாஸ் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து, தான் கட்டிய கயிற்றைத் தானே அறுத்தார். “பெட்டியோட கொண்டுபோங்கோ, ஐஸை மாத்தினா இன்னும் கரையும்,” என்றார். மீனை ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கில் போட்டார். நல்ல பெரிய பாரை ஒன்றைக் கையில் எடுத்தபோது மட்டும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போட்டார்.

மூன்று மணிக்கு வாசிகசாலை முற்றத்தில் நான் கண்டதை மறக்கமாட்டேன். பிள்ளைகளோடு வருகிற பெண்கள் எல்லாரும் ஆளுக்கொரு சிறு பெட்டியில், சிரட்டையில், துணி முடிச்சில் உப்புக் கொண்டுவந்தார்கள். தரவை என்கிற கரையோர வெளியில் தானாக விளைகிற உப்பை அள்ளி வைத்திருக்கிற வீடுகள் அவை. செய்தி எப்படிப் போயிற்று என்று கேட்டேன். சுமதிதான் முழங்காலை அழுத்தி அழுத்திக் கல்வேலிகளுக்கு மேலால் சொல்லிக்கொண்டு போனாளாம். பிள்ளைக்குச் சொட்டு விடுவது, பிள்ளையைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுப்பது, அரிவாள்மணையில் குந்துவது. இப்படி ஒவ்வொருத்தியாக வேப்பமரத்தின் கீழ் சேர்ந்துவிட்டார்கள். ஒருத்தி செட்டை அரிய, ஒருத்தி வயிறு கீற, ஒருத்தி உப்புத் திணித்தாள். மரியதாஸ் ஒரு மர வாங்கில் குந்தியிருந்து, இவள் கீறுவது கோணல், அவள் உப்புக் குறைவு என்று பிழை பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு கிழவி, வாயை மூடாவிட்டால் அதற்குள்ளும் உப்புப் போடுவேன் என்றார். அதன் பிறகு மரியதாஸும் ஒரு கத்தியை எடுத்தார்.

எனக்கு ஒரு வேலை தந்தார்கள். றெஜிபோம் பெட்டியின் மூடிமேல் இருப்பது. தவமணி கேட்டால் மட்டும் எழும்பவேண்டும். அத்தனை சனத்துக்கு முன்னால் ஒரு பெட்டிமேல் ஏறி இருக்க முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு ஒருவர் தண்ணீர் குடிக்க ஒரு துண்டு ஐஸ் கேட்டு வந்தார். ஏலாது என்றேன். முன்பின் தெரியாத ஆம்பிளைக்கு நான் சொன்ன ஏலாது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

பரமேசு வரிசையின் கடைசியில் நின்றாள். தவமணி இரண்டு முறை கூப்பிட்டும் முன்னுக்கு வரவில்லை. மருந்து போதாமல் போனால் தன் பிள்ளைக்குத்தான் போதாமல் போகவேண்டும் என்று எண்ணியிருக்கவேண்டும். கடைசியில் வந்தாள். குழந்தை வாயைத் திறந்தான், சொட்டு விழுந்தது, முகத்தைச் சுளித்தான்.

“பலிக்குமோ மிஸ்ஸி?” என்று கேட்டாள்.

தவமணி குப்பியை அவளுடைய உள்ளங்கையில் வைத்தாள். “குளிர் இருக்குதோ?”

“ஓம்.”

“அப்ப பலிக்கும்.”

சனிக்கிழமை காலை மேற்குப் பக்கமும் முடிந்தது. அப்போதும் பெட்டிக்குள் ஐஸ் இருந்தது. மத்தியானம் மாவலித்துறையில் லோஞ்ச் ஏறினோம். மரியதாஸ் ஒரு மீன் பெட்டியோடும் நாலு ஓலைப்பொதி உப்பு மீனோடும் வந்தார். லோஞ்ச் முழுவதும் மணம். கோழி கொண்டுவந்தவர்கள்கூட முகத்தைத் திருப்பினார்கள். அவர் தவமணியைப் பார்த்துச் சொன்னார்:

“அடுத்தமுறையும் உங்கட உலகத்திட்டக் காசு இல்லையெண்டா முதலே சொல்லி அனுப்புங்கோ. ஒரு பெட்டி ஐஸ் கூடக் கொண்டுவாறன். பாரையைக் கருவாடாக்க இன்னொருக்கா என்னால ஏலாது.”

இந்தமுறை தவமணி கடல் பக்கம் திரும்பாமல் சிரித்தாள்.

எங்கள் சரவணையில் சொட்டு மருந்து கொடுக்கிற நாளில் பஸ் வாசலில் நிற்கும். ஊர்காவற்றுறையில் குளிர்ப்பெட்டி இருக்கிறது. அப்படியிருந்தும், வெயில் தாழட்டும், அடுத்தமுறை பார்ப்போம் என்று சொல்லுகிற தாய்மாரை எனக்குத் தெரியும். நெடுந்தீவில் வெயில் தாழட்டும் என்று ஒருத்தியும் சொன்னதை நான் கேட்கவில்லை. பெரிய நாடுகள் ஏன் காசை நிறுத்தின என்று விளங்கிக்கொள்ள எனக்குப் படிப்புக் காணாது. அவர்களுக்கும் தங்கள் தங்கள் பாடு இருக்கும். ஆனால் உள்ளதில் ஒரு பெட்டியை அவிழ்த்த மனிதரையும், அதற்கு உப்பைக் கொண்டு ஓடிவந்த ஊரையும் கண்ட பிறகு, இந்த நோய் ஒருநாள் ஒழியும் என்றே நினைக்கிறேன்.

போன கிழமை தவமணி வீட்டுக்கு வந்தாள். புதிதாகப் பிறந்த பிள்ளைகளுக்கு மறுபடி போகவேண்டும், செலவுக்குக் காசு இன்னும் வரவில்லை என்றாள். மரியதாஸுக்குச் சொல்லி அனுப்பியாயிற்றாம். எங்கள் வளவுக் கிணறு நல்ல தண்ணீர். இரண்டு பெரிய கலன்களை எடுத்துச் சாம்பல் போட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். பரமேசு வீட்டுக்கு நல்ல தண்ணீர் கொண்டுபோக.